மண்ணெண்ணெய்க்குப் போகிற வழி

எங்கள் கடைக்கு ஆட்கள் என்ன சாமான் வாங்க வந்தார்களோ அதை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். அது ஒரு குறை என்று என் கணவர் ஒருநாளும் நினைத்ததில்லை, கொழும்புக்குப் போய்வரும் வரைக்கும்.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி அது. கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். காணி நல்ல காணி. வாய்க்கால் தண்ணீர் வாசலுக்கே வந்தது. என் கணவருடைய இடுப்புத்தான் ஒத்துவரவில்லை. ஒருநாள் வயலில் இறங்கினால் மறுநாள் பாயை விட்டு எழும்பமாட்டார். ஒரு போகம் பார்த்தோம். பிறகு வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, வாய்க்கால் தெருவைப் பார்த்திருந்த முன் அறையைக் கடையாக்கினோம்.

மற்ற எல்லாக் கடைகளையும் போலத்தான் அதுவும் இருந்தது. வாசலுக்குக் குறுக்கே நெஞ்சளவு உயரத்தில் ஒரு முதிரைப் பலகை. பலகைக்கு உள்ளே அவர், வெளியே சனம். வயலிலிருந்து வருகிற வழியில் முழங்கைகளைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, மண்ணெண்ணெயோ சீனியோ செத்தல் மிளகாயோ கேட்பார்கள். அவர் எழும்பி எடுத்துக் கொடுப்பார். மண்ணெண்ணெய்ப் பீப்பா கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. வந்தவர் அதிகம் நடக்கத் தேவையில்லை. இவரும் அதிகம் நடக்கத் தேவையில்லை. இடுப்புக்கு ஏற்ற தொழில்.

அப்படி இருக்கும்போதுதான் கொழும்பில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. கைக்குழந்தையோடு எனக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று அவர் மட்டும் ரயிலேறினார். போன இடத்தில் மழை. குடை வாங்கலாமென்று கோட்டைப் பக்கம் ஒரு பெரிய மாடிக் கடைக்குள் நுழைந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு சோடிப் பீங்கான் அன்னங்கள் இருந்தன. வாசனை உருண்டை ஒரு பெட்டி. கழுத்துப்பட்டியில், அதுதான் டையில், குத்துகிற ஊசி ஒன்று. தகட்டில் செய்த, வளைந்த, கைப்பிடி குட்டையான ஏதோ ஒன்று.

"இது என்ன கரண்டி?" என்று கேட்டேன்.

"கரண்டியில்லையப்பா. சப்பாத்துக்குள்ள குதிக்காலை இறக்கிறதுக்கு."

அவரிடம் சப்பாத்து இல்லை. கல்யாணத்துக்கும் செருப்போடுதான் போனவர். கழுத்துப்பட்டியைப் பற்றி நான் கேட்கவேயில்லை.

"குடை எங்கை?"

"குடை மேல்மாடியில, கடைசி மூலையில கிடந்தது. அங்கை போய்ச் சேரேக்குள்ள ரெண்டு கையும் நிறைஞ்சு போச்சு. குடையை என்னண்டு பிடிக்கிறது?"

"நனைஞ்சே வந்தனீங்கள்?"

"ரயிலுக்குள்ள காய்ஞ்சிட்டுது."

"நல்லா ஏமாத்திப்போட்டாங்கள் உங்களை," என்றேன்.

வேறு மனிதரென்றால் வெட்கப்பட்டு அந்த அன்னங்களை அலுமாரிக்குள் ஒளித்திருப்பார். இவர் கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்தார். முகத்தில் ஒரு ஒளி. கதிர்காமம் போய் வந்தவர்களிடம் மட்டும் நான் கண்டிருக்கிற ஒளி.

"ஒருத்தரும் ஏமாத்தேல்லை. ஒருத்தரும் என்னோட கதைக்கக்கூட இல்லை. நானாத்தான் எடுத்தனான்! குடை எங்கை எண்டு தேடிக்கொண்டு போறன், போற வழியெல்லாம் சாமான். அதுதான் அவங்கட கெட்டித்தனம். உமக்கு விளங்குதே? குடையை வாசல்ல வைச்சிருந்தா நான் குடையை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருப்பன்."

"அதுதானே உங்களுக்குத் தேவையா இருந்தது?"

"ஐயோ, உமக்கு விளங்கேல்லை," என்றார்.

அடுத்த கிழமையே தச்சு ஆசாரி வந்தார். முதிரைப் பலகை கழன்றது. அதை அறுத்துச் சுவரோடு தட்டுகள் அடித்தார்கள். மண்ணெண்ணெய்ப் பீப்பாவை உருட்டிக்கொண்டுபோய்ப் பின்சுவரோடு, என் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எல்லாரும் தேடி வருகிற சாமான் அதுதான் என்பதால் அதுதான் கடைசியில் இருக்க வேண்டுமாம். வாசலிலிருந்து பீப்பாவுக்குப் போகிற வழியில் வலதுபக்கச் சுவரில் சவுக்காரம், பவுடர், சீப்பு, கண்ணாடி வளையல். அதற்கப்பால் கொடிகட்டித் தொங்கவிட்ட சேலைகளும் சாரங்களும். திரும்பி வருகிற வழியில் இடதுபக்கச் சுவரில் பிஸ்கட் தகரங்களும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களும். நடுவில் சீனி மூட்டையும் மா மூட்டையும் அடுக்கி, அதற்கு மேல் வெள்ளைத் துவாய் விரித்து இரண்டு அன்னங்களையும் இருத்தினார். கருவாட்டு மணம் பவுடர் மணத்தைக் கெடுக்கும் என்று, கொக்கிளாயிலிருந்து வந்த நல்ல திருக்கைக் கருவாட்டைச் சாக்கில் சுற்றி, உட்காருகிற வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டார்.

பிறகு லொறியில் நிலைக்கண்ணாடி வந்தது. ஆள் உயரம். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் ஏலம் போட்டார்களோ தெரியாது. அதைச் சேலைகளுக்கு முன்னால், வாசலுக்கு நேரே பார்க்கிற மாதிரி நிறுத்தினார். "தன்னைப் பாக்கிற ஆளுக்குத்தான் தனக்கு என்ன இல்லையெண்டு தெரியும்," என்றார். இந்த வசனத்தைக் கொழும்பில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அது அவருடைய சொந்த மூளை.

முதல்நாள் காலையில் சனம் வந்தது. வந்து வெளியிலேயே நின்றது. முழங்கால் வரைக்கும் சேறு. சாணம் மெழுகிக் கோலமும் போட்ட நிலத்தில் எப்படி ஏறுவது? தெருவில் நின்றபடியே, "அண்ணை, ஒரு போத்தில் மண்ணெண்ணெய்!" என்று கூப்பிட்டார்கள்.

"உள்ளுக்கு வாங்கோ, வாங்கோ," என்று இவர் கைகாட்டினார்.

"காலெல்லாம் சேறண்ணை."

அவர் ஓடிப்போய் ஒரு வாளி தண்ணீரும் சிரட்டையும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். ஒவ்வொருவராகக் காலைக் கழுவிவிட்டு, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாய் பேசாமல் உள்ளே வந்தார்கள். கழுவின காலோடு ஒரு இடத்துக்குள் நுழைந்தால் சத்தம் போட்டுக் கதைக்க யாருக்கு மனம் வரும்? அன்னங்களைப் பார்த்தார்கள். வழியைப் பார்த்தார்கள். வலதுபக்கமாகப் போங்கோ என்று இவர் காட்டினார். ஒருவரும் அசையவில்லை.

மூன்றாம் வாய்க்காலடியிலிருந்து வருகிற ஒரு அக்கா இருந்தா. புருஷனும் அவாவுமாகச் சேர்ந்து வயல் செய்கிறவர்கள். அரைக் கட்டைத் தூரத்துக்கு அப்பால் நின்று கதைத்தாலும் எங்கள் வீட்டுக்குக் கேட்கும் குரல். அவாதான் வாயைத் திறந்தா.

"தம்பி, இதென்ன, இடஞ்சுத்தி வரச் சொல்லுறியள்? இது கடையோ செத்தவீடோ?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வாசலால் வந்து வலதுபக்கம் திரும்பினால் நடுவில் இருக்கிறது இடக்கைப் பக்கம் வரும். பிணத்தைத்தான் அப்படிச் சுற்றுவார்கள். கொழும்புக்காரருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்காது. இவருக்குத் தெரியும், ஆனால் அன்னங்களின் நினைப்பில் மறந்துபோனார்.

அன்று முழுவதும் கடையைப் பூட்டிவிட்டு, வலதில் இருந்ததை இடதுக்கும் இடதில் இருந்ததை வலதுக்கும் மாற்றினோம். மறுநாள் சனம் வலமாகச் சுற்றியது. ஒழுங்காகச் சுற்றியது. பீப்பாவடிக்குப் போய், போத்தலை நிரப்பிக்கொண்டு, மற்றப் பக்கத்தால் வந்து, வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னேரம் கூட்டப் போனபோது அன்னங்களுக்கு முன்னால் ஒரு செவ்வரத்தம்பூ கிடந்தது. யாராவது சின்னப்பிள்ளை பகிடிக்கு வைத்திருக்கலாம். அவர் அதை எடுத்தெறியவில்லை. "பாரும், சனம் கவனிக்குது," என்றார்.

கண்ணாடி வேலை செய்தது, அதை மறுக்க முடியாது. முதல் கிழமையில் பவுடர் முடிந்தது. சீப்பு முடிந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் தினமும் வந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போனார். வாங்கினது ஒன்றுமில்லை, ஆனால் வாத்தியார் வருகிற கடை என்று இவருக்குப் பெருமை. சின்ன வயது ஆண்கள் தலைமயிரை ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் வாரி, எது திறம் என்று இவரிடமே கேட்டார்கள். இவரும் தலையைச் சரித்துப் பார்த்துப் பதில் சொன்னார்.

கண்ணாடியின் மற்ற வேலையை அவர் கவனிக்கவில்லை. அதுவரைக்கும் எங்கள் பக்கத்துச் சனத்துக்குத் தங்கள் முகம்தான் தெரியும். கைக்கண்ணாடியில் பார்த்த முகம். தலையிலிருந்து கால்வரைக்கும் தங்களை அவர்கள் கண்டது எங்கள் கடையில்தான். வாசலில் கால் வைத்ததும் எதிரே ஒரு ஆள். கிழிந்த சாரம், கறுத்த நெஞ்சு, கையில் நூல் கட்டின போத்தல். தானேதான் அது என்று தெரிந்த பிறகு மனிதருக்கு முகம் விழுந்துபோகும். அடுத்த முறை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பெட்டியில் மடித்து வைத்த சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தார்கள். இவருக்கோ பெரிய சந்தோசம். "பாத்தீரே, கடைக்கு ஒரு மரியாதை வந்திட்டுது."

மரியாதை வந்தது. ஆட்கள் வருவது குறைந்தது. நெருப்புப்பெட்டி வாங்க யாராவது வேட்டி தோய்ப்பார்களா? அடுத்த வீட்டில் ஒரு குச்சி வாங்கி அடுப்பை மூட்டினார்கள். உப்பு முடிந்தால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு உடுக்கிற அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

நாற்று நடுகிற காலம் வந்தது. ஒருநாள் மத்தியானம் நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பின்படலையைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் வாய்க்கால் அக்கா வந்தா. இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் போத்தல்.

"பிள்ளை, இந்தக் கோலத்தில உந்தக் கண்ணாடிக்கு முன்னால வர எனக்கு ஏலாது. பொழுதுபட விளக்குக் கொழுத்த எண்ணெய் இல்லை. பீப்பா உந்தக் கதவுக்குப் பின்னாலதானே கிடக்கு, இதால ஒரு போத்தில் தாவன்."

கதவைத் திறந்தால் பீப்பா. கையை நீட்டினால் குழாய். புனலை வைத்து நிரப்பிக் கொடுத்தேன். கடையின் முன்பக்கம் இருந்த இவர் கண்டிருக்க வேண்டும். தானே கொடிகட்டித் தொங்கவிட்ட சேலைகள் மறைத்ததால் காணவில்லை.

மறுநாள் அக்காவோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கிழமைக்குள் நடவுக்கு வந்த பெண்கள் எல்லாரும் என் பின்படலையால்தான் வந்தார்கள். காசைப் பிறகு நான் கடையின் காசு லாச்சிக்குள் போட்டுவிடுவேன். கணவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் அவரிடம் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால், கொழும்புக் கடையை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும் திரும்பவும் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அது பாடமாகிவிட்டது.

புனலில் எண்ணெய் மெல்லத்தான் இறங்கும். அதுவரைக்கும் வந்தவர்கள் சும்மா நிற்பார்களா? குசினியைச் சுற்றிப் பார்த்தார்கள். சுளகில் மோர்மிளகாய் காய்ந்தது. சாடியில் எலுமிச்சங்காய் ஊறுகாய் கிடந்தது.

"இது என்ன பிள்ளை, நீ போட்டதோ? ஒரு துண்டு தா பாப்பம்."

தின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கும் கொஞ்சம் கேட்டார்கள். கொடுத்தேன். பிறகு அடுப்பைப் பார்த்தார்கள்.

"என்ன குழம்பு? வாய்க்காலடிக்கே மணக்குது."

"கத்தரிக்காய்தான் அக்கா. கடைசியில கொஞ்சம் பெருஞ்சீரகம் போட்டனான்."

"அப்ப எனக்கும் ஒரு பிடி பெருஞ்சீரகம் சுத்தித் தா."

நான் எட்டிக் கடைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பேன். வெந்தயக் குழம்பு வைத்த அன்று வெந்தயம் போனது. இரசம் வைத்த அன்று மிளகும் மல்லியும் போயின. நான் ஒன்றையும் யோசித்துச் செய்யவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சமைத்தேன், அவ்வளவுதான்.

முன்னுக்கு என் கணவர் அன்னங்களோடு தனியே இருந்தார். ஒருநாள் பீப்பாவைத் தட்டிப் பார்த்தார். முக்கால்வாசி வெறுமை. கடைக்குள் அன்று வந்தவர் வாத்தியார் மட்டும்.

"பீப்பா ஒழுகுது," என்று எனக்கு அறிவித்தார்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "அப்பிடியே?" என்றேன்.

முழந்தாளில் நின்று நிலத்தை மணந்து பார்த்தார். மணக்கத்தான் செய்தது, நான் ஊற்றும்போது சிந்தியது. சவுக்காரத்தைக் குழைத்துப் பீப்பாவின் பொருத்தெல்லாம் பூசினார். அடுத்தநாள் எண்ணெய் இன்னும் குறைந்திருந்தது. இந்தப் பக்கத்து வெக்கைக்கு எண்ணெய் ஆவியாகிப் போகிறதென்று தீர்மானித்து, நனைத்த சாக்கால் பீப்பாவைப் போர்த்தினார். லாச்சியைத் திறந்து பார்த்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். ஆனால் அந்த நாட்களில் அவர் லாச்சியைப் பார்க்கிற நிலையில் இல்லை. கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாக்கை நனைக்கத் தண்ணீரோடு வந்த ஒரு மத்தியானத்தில்தான் கண்டார். குசினிக்குள் ஐந்தாறு பெண்கள். ஒருத்தி அம்மிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெற்றிலை போடுகிறாள். ஒருத்தி என் குழந்தையை மடியில் வைத்திருக்கிறாள். அக்கா பீப்பாக் குழாயைத் தானே திறந்து தன் போத்தலை நிரப்பிக்கொண்டு நிற்கிறா.

"அட, தம்பி! சாக்கை எடுத்துப்போடுங்கோ, குழாயை மறைக்குது," என்றா அக்கா.

அவர் ஏசுவார் என்று நான் நினைத்தேன். அவர் சிலைமாதிரி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பெண்கள் போனபிறகு கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்தார். அந்த ஒளி திரும்பவும் முகத்தில்.

"உமக்குத் தெரியாமலே நீர் பெரிய வேலை செய்திருக்கிறீர். அவை கண்ணால வாங்கேல்லை. மூக்கால வாங்குகினம்!"

அடுத்தநாளிலிருந்து என் சமையலைக் கடைதான் நடத்தியது. எது தட்டில் தேங்கிக் கிடந்ததோ அது என் சட்டிக்குள் வந்தது. "இண்டைக்குப் பெருஞ்சீரகம் கொஞ்சம் கூடப் போடும், மிச்சம் கிடக்கு." கொஞ்சம் கூட என்றால் கீரைக்கும் பெருஞ்சீரகம், பருப்புக்கும் பெருஞ்சீரகம். அது முடிய வெந்தயம். குழந்தை பால் குடிக்க மறுத்தது. நான் தோய்ந்து தலை துவட்டினாலும் வெந்தயம் மணந்தது. அவர் மட்டும் எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டார். சாப்பிடும்போது மூக்கை நிமிர்த்தி, மணம் எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பார்.

பிறகு வாங்குக்குக் கீழே தள்ளிவிட்ட கருவாட்டின் ஞாபகம் அவருக்கு வந்தது. நல்ல கருவாடு, மாதக்கணக்காகச் சாக்குக்குள் கிடந்து பழுதாகிப் போயிருந்தது. பொரித்தால் சரிவரும் என்றார். மாட்டேன் என்றேன். ஒரேயொரு முறை என்றார். பொரித்தேன்.

அன்று பெண்கள் படலையடியிலேயே நின்றுவிட்டார்கள். அக்கா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தா.

"பிள்ளை, கூரைக்குள்ள எலி கிலி செத்துக் கிடக்கோ? பார், குழந்தை இருக்கிற வீடு."

எனக்கு அழுகை வந்தது. என் குசினிக்குள் வந்து யாரும் அதற்கு முன் மூக்கைப் பொத்தியதில்லை. சட்டியோடு கருவாட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் கொட்டினேன். திரும்பி வந்து அவருக்கு முன்னால் நின்றேன்.

"கேளுங்கோ. என்ர அடுப்பில என்ன கொதிக்க வேணும் எண்டு உங்கட தட்டு சொல்லக்கூடாது. கடை உங்கட. குசினி என்ர. இனி இந்த ரெண்டும் ஒரு கூரைக்குக் கீழ இருக்கேலாது."

"ஏனப்பா, ஒரு கருவாட்டுக்கே…"

"கருவாட்டுக்கில்லை."

அவரிடமிருந்து அந்த ஒளி போயிருந்தது. வெறும் என் கணவராக, களைத்த முகத்தோடு நின்றார். "சரி, எங்கை அடுப்பு வேணும், சொல்லும்," என்றார்.

வளவின் கோடியில் பாலை மரத்துக்குக் கீழே நான்கு மரக்கப்பு நட்டு, கிடுகு வேய்ந்து ஒரு கொட்டில் போட்டுத் தந்தார். இடுப்பு வலியோடு தானே செய்தார். மண்ணெண்ணெய்ப் பீப்பா திரும்ப வாசலடிக்கு வந்தது. நிலைக்கண்ணாடியை டவுனில் இருந்த சலூன்காரர் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பொருத்தமான இடம் அதுதான், வாத்தியாரும் அதற்குப் பிறகு அங்கேதான் போனார். அன்னங்களில் ஒன்றைப் பூனை தள்ளி உடைத்தது. மற்றதைக் குழந்தை கடித்து விளையாடியது.

புதுக் கொட்டிலில் முதல்நாள் நான் எனக்குப் பிடித்த மாதிரிப் புளிக்குழம்பு வைத்தேன். ஒருவருக்கும் கேட்காத இடம், ஒருவரும் வராத இடம் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். குழம்பு கொதிக்கிற நேரம் வேலிப் பக்கம் ஒரு குரல்.

"பிள்ளை, இஞ்சையே இருக்கிறாய்? அங்கை உன்னைத் தேடினனாங்கள்."

அக்காவும் மற்றவர்களும் வேலியின் ஒரு கதியால் தடியை விலத்திக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். போத்தல் முன்பக்கம் நிரப்பியாயிற்று. சாமான் ஒன்றும் வேண்டாம். சும்மா வந்தார்கள். நான் இருக்கச் சொன்னேன். தேத்தண்ணீர் வைத்தேன். ஒரு மாதத்தில் வேலியிலிருந்து கொட்டிலுக்குப் புல் செத்து ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது.

என் கணவர் அந்தப் பாதையை ஒருநாள் நின்று பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு வந்து தேங்காய் திருவுகிற திருவலைப் பலகையில் குந்திக்கொண்டு ஒரு தேத்தண்ணீர் கேட்டார்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் அவர் கடையில் இருந்தது குறைவு. முன்பக்கம் திறந்தபடி கிடக்கும். வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு, காசைத் தட்டில் வைத்துவிட்டு, வளவைப் பார்த்துச் சத்தம் போடுவார்கள்.

"அண்ணை, ரெண்டு சவுக்காரம் எடுத்திருக்கு!"

"ஓம், ஓம்," என்பார் அவர், தேத்தண்ணீர்க் கோப்பையை வாயிலிருந்து எடுக்காமல்.